உண்டு, இல்லை, தெரியாது

ஒரு வினாவுக்கு விடை ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என இரண்டுதான் என்று நாம் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் கணிப்பொறிக்குள் புகுந்த வரலாற்றை இன்று சொல்ல விரும்புகிறேன்.

1815இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில், செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் ஜார்ஜ் பூல். பட்டம் பெறாமலே 1849இல் அயர்லாந்தின் கார்க் நகரக் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். மனிதனின் சிந்தனையையும் இயற்கணிதமாக எழுதலாம் என்று 1854இல் ஒரு நூலில் காட்டினார். மெய்க்கு 1, பொய்க்கு 0. மின்சுற்றுகள் திறப்பதும் மூடுவதும் இக்கணிதத்துக்குள் அடங்கும் என்பதை 1937இல் கிளாடு ஷானன் என்னும் அமெரிக்க மாணவர் தம் ஆய்வேட்டில் நிறுவினார். அப்போது அவருக்கு வயது 21!

1970இல் ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட், தகவல்களை அட்டவணைகளாக அமைக்கும் உறவுமுறைத் தரவுத்தளத்தை வகுத்தார். அட்டவணை என்றால் நிரப்பப்படாத கட்டமும் இருக்குமல்லவா? அதற்கு ‘நல்’ என்று பெயர். ஆகவே தரவுத்தளங்களின் வினவல் மொழியாகிய எஸ்க்யூஎல்லில், மெய், பொய் என்பவற்றோடு ‘அறியப்படாதது’ என்னும் மூன்றாம் நிலையும் இடம்பெற்றது. ‘பூலியன்’ என்னும் தனி வகையோ அதன் தரநிலையில் 1999இல்தான் சேர்ந்தது. ஆதலால் 0, 1 என்னும் எண்களையோ, ஓரெழுத்துக் குறிகளையோ அவரவர் விருப்பப்படி ஆண்டுவந்தனர்.

இம்மூன்றாம் நிலையை மறந்தால் நேர்வதை நான் ஒரு கல்லூரியில் கண்டேன். ‘உதவித்தொகை வேண்டுமா?’ என்ற வினாவுக்கு விடையெழுதாத மாணவர் சிலர், ‘வேண்டாம்’ என்றோர் பட்டியலில் நின்றனர். படிவம் நிரப்பிய நாளில் வகுப்புக்கு வாராதவர்கள் அவர்கள். தரவுத்தளம் அக்கட்டங்களை வெறுமையாகவே காத்திருந்தது. பிழை செய்தது அதைப் படித்த நிரல். ஜாவா மொழியின் ஜேடிபிசி இடைமுகத்தில் பூலியன் மதிப்பைக் கேட்டால், வெற்றுக் கட்டத்துக்கும் ‘பொய்’ என்றே விடை வரும். ‘அது வெறுமையாக இருந்ததா?’ என்று அடுத்தும் ஒரு முறை கேட்டால்தான் உண்மை புலப்படும். நிரலை எழுதியவர் அந்த இரண்டாம் கேள்வியைக் கேட்கவில்லை.

மௌனத்தை மறுப்பென்று பொறி கொண்டதால், உதவி தேவைப்பட்ட பிள்ளைகள் விடுபட்டனர். நாளை நிரல் எழுதப்போகும் இளைஞர்களே! ஒவ்வொரு வெற்றுக் கட்டத்தின் பின்னும் இன்னும் கேட்கப்படாத ஒரு மனிதர் இருக்கலாம். அவரிடம் மீண்டும் கேளுங்கள்.