சக்கரம் ஏறிய வெந்நீர்த் தொட்டி

ஜக்கூஸி சகோதரர்கள் ஏழு பேர். இத்தாலியின் வடகிழக்கு மூலையிலிருந்து கலிபோர்னியாவின் பெர்க்லிக்குப் பிழைக்க வந்தவர்கள். முதலில் விமானங்களுக்கு மர விசிறி செய்தார்கள். பிறகு விமானமே செய்தார்கள். 1921இல் அவர்களுடைய விமானம் ஒன்று விழுந்து, சகோதரர்களில் ஒருவரான ஜியோகோந்தோ உட்பட நான்கு பேர் இறந்தார்கள். அத்தோடு வானத்துக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டுக் கிணற்றுப் பக்கம் திரும்பினார்கள்.

ஆழ்கிணற்றுக்காக அவர்கள் 1920களில் உருவாக்கிய பம்பின் சூட்சுமம் எளிது. தண்ணீரைக் குறுகிய மூக்கு வழியாக வேகமாகப் பீய்ச்சினால் அந்த இடத்தில் அழுத்தம் குறையும். பக்கத்தில் இருப்பது உள்ளே இழுபடும். நம் வீடுகளில் போர் தண்ணீர் ஏற்றும் ஜெட் மோட்டாரும் இந்த வேலையைத்தான் செய்கிறது.

சகோதரர்களில் கடைக்குட்டியான கந்தீதோவின் மகன் கென். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே முடக்குவாதம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சுழலும் வெந்நீரில் உட்காரவைத்தால் வலி கொஞ்சம் அடங்கும். வீட்டுக்கு வந்தால் பழையபடிதான். பம்பு செய்யும் குடும்பம் சும்மா இருக்குமா? 1940களின் கடைசியில், வீட்டுக் குளியல் தொட்டிக்குள் இறக்கிவைக்கிற மாதிரி சின்னதாக ஒரு பம்பைச் செய்தார் கந்தீதோ. கிணற்றில் நீரை இழுத்த அதே மூக்கு இங்கே காற்றை இழுத்தது. காற்றும் நீரும் கலந்து பையனின் மூட்டுகளில் பாய்ந்தன. 1956இல் ஜே-300 என்ற பெயரில் அது விற்பனைக்கும் வந்தது.

ஆக, இந்த வெந்நீர்ச் சுகம் பிறந்ததே கையில் எடுத்துப்போகிற சாமானாகத்தான். யார் வீட்டுத் தொட்டியாக இருந்தாலும் உள்ளே வைத்துச் சுவிட்சைப் போட்டால் போதும். அதை ஓரிடத்தில் கட்டிப்போட்டது அடுத்த தலைமுறை. 1968இல் ராய் ஜக்கூஸி, பீய்ச்சும் மூக்குகளைத் தொட்டியின் சுவரிலேயே பதித்துவிட்டார். கிட்டத்தட்ட அதே காலத்தில் கலிபோர்னிய இளைஞர்கள் பழைய ஒயின் பீப்பாய்களில் வெந்நீர் நிரப்பி, கொல்லைப்புறத்தில் கும்பலாக உட்கார ஆரம்பித்தார்கள். வைத்தியம் அரட்டையானது அங்கேதான். இரண்டும் சேர்ந்து பிறந்த கொல்லைப்புறத் தொட்டியோ, நீர் நிரம்பினால் ஒரு டன்னைத் தாண்டும். அடியில் சிமென்ட் தளம், தனி மின் இணைப்பு என்று சகல மரியாதையும் கேட்கும்.

வீட்டையே வண்டியில் ஏற்றும் ஆசை அமெரிக்கர்களுக்கு அதற்கும் முந்தியது. 1910இல் பியர்ஸ்-ஆரோ கம்பெனி காட்சிக்கு வைத்த காரில் மடக்குக் கட்டிலும் கை கழுவும் தொட்டியும் இருந்தன. பிறகு வந்த ஆர்.வி. என்ற வீட்டு வண்டிகளில் அடுப்பு, குளிர்பெட்டி, ஷவர் எல்லாம் ஏறின. வெந்நீர்த் தொட்டி மட்டும் ஏறவில்லை. எடை விடவில்லை.

வழி திறந்தது, காற்றடித்து நிமிர்த்தும் வினைல் தொட்டி. நாலு பேர் உட்காரும் தொட்டியைச் சுருட்டினால் ஆர்.வி.யின் சாமான் அறைக்குள் அடங்கிவிடும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், சுவரை நிமிர்த்தும் காற்று ஊதுகருவியே பிறகு அடித்துளைகள் வழியாகக் குமிழியும் விடுகிறது. ஜக்கூஸிகளின் மூக்கு சாதாரண மாடல்களில் காணாமலே போய்விட்டது. மூட்டுவலிக்குப் பாய்ச்சல் வேண்டும். அரட்டைக்குக் குமிழி போதும்.

எடையை ஏமாற்றியாயிற்று, சூட்டை ஏமாற்ற முடியவில்லை. தொட்டிக்குச் சுமார் 800 லிட்டர் வேண்டும். வண்டியின் நல்ல தண்ணீர் டாங்க் பெரும்பாலும் அதில் பாதிகூடக் கொள்ளாது. வண்டியை நிறுத்தித் தங்கும் முகாமின் குழாயில் ஹோஸ் மாட்டித்தான் நிரப்ப வேண்டும். 10 டிகிரியில் வரும் அந்த நீரை 40 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 28 யூனிட் மின்சாரம் செலவாகும். தொட்டியோடு வரும் ஹீட்டரோ 1,300 வாட் அளவில்தான் இருக்கும். இன்று மாலை சுவிட்சைப் போட்டால் நாளை மாலை இறங்கலாம். பெரிய ஹீட்டர் போடலாமே என்றால், 30 ஆம்பியர் இணைப்பில் வண்டிக்குக் கிடைப்பதே 3,600 வாட், ஏ.சி.யும் மைக்ரோவேவும் சேர்ந்து ஓடினாலே பிரேக்கர் விழக்கூடும்.

அதனால்தான் ஒரு ராத்திரி தங்குகிறவர்கள் இதைப் பிரிப்பதே இல்லை. ஒரு வாரம் ஓரிடத்தில் கிடப்பவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். பொறுமை இல்லாதவர்கள் சின்ன கேஸ் ஹீட்டரும் சிலிண்டரும் கொண்டுவந்து சில மணி நேரத்தில் காய்ச்சிவிடுகிறார்கள்.

கிளம்பும் நாளின் வேலையை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. 800 லிட்டரையும் வடிக்க வேண்டும். குளோரின் கலந்த நீரை மரத்தடியிலோ ஓடையிலோ திறந்துவிடக் கூடாது. கழிவுநீர்க் குழாய்வரை ஹோஸை இழுக்க வேண்டும். பிறகு வினைலைத் துடைத்துக் காயவைக்க வேண்டும், ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று தொட்டிக்குத் தடை போட்டிருக்கும் முகாம்களும் உண்டு. முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுவது நல்லது.