தெரிந்தவர்க்கு மட்டும் திறக்கும் அஞ்சல் பெட்டி

இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பில், தொல்லை தரும் செய்திகளை ஏற்க மறுக்க வழியில்லாத குறையை ஜான் போஸ்டல் 1975 நவம்பரில் வெளியிட்ட ஒரு சிறு குறிப்பில் சுட்டிக்காட்டினார். குறிப்பிட்ட கணினியிலிருந்து வருவதைத் தடுப்பதே அவர் நாடிய தீர்வு. அறிந்தவரை மட்டும் அனுமதிப்பது என்ற எண்ணம், ஆய்வாளர்களே புழங்கிய அந்த வலையமைப்பில் எழக் காரணம் இருக்கவில்லை. 1978 மே மாதத்தில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விற்பனையாளர் ஒருவர் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பியபோது எழுந்த கண்டனமே போதிய தடையாக இருந்தது.

கணினிகள் ஒன்றிடம் ஒன்று அஞ்சலை ஒப்படைக்கும் முறையை வகுத்த எஸ்எம்டிபி நெறிமுறையை 1982 ஆகஸ்டில் வெளியிட்டவரும் போஸ்டலே. அம்முறையில், அனுப்பும் கணினி ‘மெயில் ஃப்ரம்’ என்ற கட்டளையோடு எந்த முகவரியைச் சொன்னாலும் பெறும் கணினி அதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். சொன்னவர் உண்மையில் அவர்தானா என்று சோதிக்கும் படிநிலை அந்த உரையாடலில் எங்கும் இல்லை. பின்வந்த இன்னல்களுக்கெல்லாம் வேர் இதுவே எனலாம்.

இணையம் வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்ட 1990களில் வேண்டா அஞ்சல் பெருகவே, தொல்லை தரும் கணினிகளின் முகவரிகளைத் தொகுத்துப் பகிரும் தடைப்பட்டியல்கள் தோன்றின. அனுப்புவோர் முகவரியை மாற்றிக்கொண்டே போனதால் அவை எப்போதும் ஓரடி பின்தங்கின. ஆகவே சிலர் விதியையே திருப்பிப் போட்டு, தம் முகவரிப் புத்தகத்தில் உள்ளவர்களின் அஞ்சலை மட்டும் இன்பாக்ஸுக்குள் விட்டு, மற்றவற்றை ஒதுக்கிவைத்தனர். இதுவே அனுமதிப் பட்டியல். புதியவர் எழுதினால், தாம் மனிதர்தான் என்று உறுதிசெய்யுமாறு தானியங்கி மறுமொழி அனுப்பும் முறையும் இதோடு சேர்ந்தது. அமெரிக்காவின் எர்த்லிங்க் நிறுவனம் 2003இல் அதைத் தன் வாடிக்கையாளர்களுக்கு வழங்கியது. ஆனால் இருவருமே அம்முறையைக் கையாண்டால், ஒருவரின் உறுதிக் கோரிக்கை மற்றவரின் பெட்டியில் ஒதுக்கப்பட்டு, இருவர் அஞ்சலும் முடங்கிவிடக்கூடும். அனுப்புநர் முகவரி போலியாக இருந்தாலோ, கோரிக்கை சம்பந்தமே இல்லாத ஒருவரைப் போய்த் தொல்லைப்படுத்தும்.

பட்டியலின் ஆழமான பலவீனம் அதற்கு முன்பே வெளிப்பட்டிருந்தது. 1999 மார்ச்சில் பரவிய மெலிசா நச்சுநிரல், தொற்றிய கணினியின் முகவரிப் புத்தகத்தில் முதல் 50 முகவரிகளுக்குத் தன்னையே அனுப்பிக்கொண்டது. அதாவது, அது நண்பர் பெயரிலேயே வந்தது. இது உண்மையாகவே நண்பரின் கணக்கிலிருந்து வருவதாகையால் முகவரிச் சோதனை எதுவும் இதைப் பிடிக்காது. பெயரைப் போலியாக இடுவதைத் தடுக்கும் ஏற்பாடுகளோ பின்னரே வந்தன: ஒரு களப்பெயரின் சார்பில் எந்தச் சேவையகங்கள் அஞ்சல் அனுப்பலாம் என்று பொதுவில் அறிவிக்கும் எஸ்பிஎஃப் 2006இலும், அஞ்சலில் மறைகுறியீட்டு ஒப்பமிடும் டிகேஐஎம் 2007இலும் நெறிமுறை ஆவணங்களாக வெளியாயின. பட்டியலில் எழுதிய பெயருக்கு ஓரளவேனும் பொருள் கிடைத்தது இவற்றால்தான்.

எனினும், முதன்முறை எழுதும் மாணவரையும் வேலை தேடுபவரையும் வாசலிலேயே நிறுத்திவிடும் ஒரு முறை, முன்பின் அறியாதவரும் எழுதலாம் என்ற மின்னஞ்சலின் அரிய இயல்பையே பறித்துவிடுகிறது. உள்ளடக்கத்தை எடைபோடும் வடிகட்டிகள் தேர்ச்சி பெற்றபின், அனுமதிப் பட்டியல் பெரும்பாலும் வேறு பணிக்கு மாறியது: வங்கி அறிவிப்போ மருத்துவமனைக் கடிதமோ தவறுதலாக ஸ்பேம் கோப்புறைக்குள் விழாதபடி, குறிப்பிட்ட முகவரிகளுக்கு விலக்கு அளிப்பதே இன்று அதன் முதன்மைப் பயன்.