பாசிக்குடாவில் தலை முழுகிய கதை

சென்ற ஆண்டு விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த என் பேத்தி, பாசிக்குடாக் கடற்கரை விடுதியொன்றில் இரண்டு நாள் தங்கிவிட்டு வரும்போது எனக்கொரு சிறிய கண்ணாடிப் போத்தல் கொண்டுவந்தாள். "அப்பப்பா, இது தலைக்கு மிக நல்லதாம். பூசிப் பாருங்கள்" என்றாள். மூடியைத் திறந்து முகர்ந்தேன். தேங்காயெண்ணெய். ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன்னர், அந்த விடுதியிலிருந்து ஒரு மைல் தொலைவிலிருந்த எங்கள் வீட்டுத் திண்ணையில், என் அம்மம்மா உச்சந்தலையில் வைத்துத் தேய்த்த அதே எண்ணெய். பூசிக்கொள்ள இப்போது தலையில்தான் அதிகம் மிச்சமில்லை.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். தேர்தல்களையும் கலவரங்களையும் பேச்சுவார்த்தைகளையும் பற்றி எழுதியிருக்கிறேன். தலைமயிரைப் பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை. எண்ணெயும் அரப்பும் போய் ஷாம்பு வந்ததை "நாகரிகம் வந்தது" என்ற இரண்டு சொற்களில் முடித்துவிடுவது நம்மவர் வழக்கம். எங்கள் ஊரைப் பொறுத்தவரை அது முழு உண்மையன்று. எங்கள் தலையில் என்ன பூசவேண்டும் என்பதைத் தென்னை மரமும் கிணற்று நீரும் துப்பாக்கியுமே பெரும்பாலும் தீர்மானித்தன. அதைத்தான் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

பாசிக்குடா, மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவில், கல்குடாவை அடுத்துள்ள குடா. நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவைத் தாண்டாத கடல். ஒருபுறம் கடல், மறுபுறம் வாழைச்சேனை வாவி. இடையே மணல் நிலம். அந்த மணலில் சில முழம் தோண்டினாலே நன்னீர் ஊறும். அந்த நீர்தான் எங்கள் குடிநீர், அதுதான் முழுக்கு நீர்.

வெள்ளி பெண்களுக்கும் சனி ஆண்களுக்கும் எண்ணெய் முழுக்கு. தேங்காய்ப்பாலைக் காய்ச்சி வடித்த எண்ணெய் வீட்டிலேயே இருக்கும். அதைத் தலையில் வைத்துக் கண்ணெரியும்வரை அம்மம்மா தேய்ப்பார். அரை மணித்தியாலம் ஊறியபின் அரப்பு. கொங்கு நாட்டில் அரப்பு என்றால் உசில மரத்து இலைப்பொடி. எங்கள் வீட்டில் அது இலுப்பைப் பிண்ணாக்கு. அதுவும் சீயக்காயும் நுரைப்பதற்குக் காரணம், அவற்றிலுள்ள சபோனின் என்னும் இயற்கைப் பொருள். எண்ணெயை எடுத்துவிடும், ஆனால் முழுவதையும் எடுத்துவிடாது. இறுதியாகப் பாதித் தேசிக்காயைத் தலையில் தேய்த்துக் கிணற்று நீரை அள்ளி ஊற்றுவார். "கண்ணை மூடு மனே, மறுகா அழாதே" என்ற குரல் இன்றும் காதில் இருக்கிறது.

இந்த வழக்கத்துக்கு வயது அதிகம். 1660இல் கிழக்குக் கரையின் கொட்டியாரத்தில் பிடிபட்டு, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ஆங்கிலேயர் றொபட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இந்நாட்டுப் பெண்கள் கூந்தலுக்குத் தேங்காயெண்ணெய் பூசுவதைக் குறித்திருக்கிறார். அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்திய சிலப்பதிகாரத்தில், கடலாடச் செல்லும் மாதவி பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரில் கூந்தலை ஆட்டி, புகையில் உலர்த்துகிறாள். மாணவனாக அதைப் படித்தபோது கவிஞரின் மிகை என்றே எண்ணினேன். சித்திரை வருடப் பிறப்புக்குக் கோயிலில் காய்ச்சித் தரும் மருத்துநீரைத் தலையில் வைத்து முழுகும் நாம், தாமரைப்பூவும் மாதுளம்பூவும் துளசியும் வில்வமும் அறுகும் மஞ்சளும் மிளகும் சுக்கும் ஊறிய நீரைத்தான் வைத்துக்கொள்கிறோம் என்பது பின்னரே உறைத்தது. மாதவியின் முழுக்கு முற்றாக அழியவில்லை. ஆண்டுக்கொரு நாளாகச் சுருங்கி நம்மிடையே இருக்கிறது.

சிலப்பதிகாரம் எங்கள் பகுதியில் ஏட்டோடு நிற்பதன்று. வைகாசி பிறந்தால் மட்டக்களப்பின் கண்ணகி கோயில்களில் கண்ணகி வழக்குரை பாடப்படும், குளிர்த்தி நடைபெறும். விரிந்த கூந்தலோடு பாண்டியன் அவையில் நிற்பவள் அந்தத் தெய்வம். தெற்கே பாண்டிருப்பில் தீமிதிப்பு நடக்கும் கோயிலின் திரௌபதியும் கூந்தலை முடியேன் என்று சபதம் செய்தவள். முடிந்த கூந்தல் குடும்பம், விரிந்த கூந்தல் துயரம் அல்லது சினம் என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். எண்ணெயையும் சீப்பையும் இந்த அர்த்தத்திலிருந்து பிரிக்க முடியாது.

ஆண்களின் தலைதான் முதலில் மாறியது. என் அப்பப்பாவுக்குக் குடுமி இருந்தது. அப்பாவுக்கு இல்லை, அரசாங்க உத்தியோகம் பார்த்தவர், கிராப்பு வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து மயிர் வெட்டும் பரியாரியை மறந்து நாங்கள் வாழைச்சேனைச் சலூனுக்குப் போகத் தொடங்கினோம். ஈழத்தில் பரியாரி என்ற ஒரே சொல் நாட்டு வைத்தியரையும் நாவிதரையும் குறித்தது. தலையைத் தொட்டவர் உடலையும் அறிந்திருந்தார் என்பதற்கு அச்சொல்லே சாட்சி. இளைஞனாகக் கொழும்புக்குப் போனபோது நான் தேங்காயெண்ணெயைக் கைவிட்டுப் பிரில்கிரீம் பூசினேன். 1928இல் இங்கிலாந்தின் பேர்மிங்காமில் பிறந்த பசை அது. எண்ணெய் வழியும் தலையைக் கண்டால் அலுவலகத்தில் "நாட்டுப்புறம்" என்பார்கள் என்ற அச்சம் எனக்கு. அம்மம்மா என் தலையை முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெண்களின் தலை அவ்வளவு விரைவில் மாறவில்லை. லீவர் பிறதர்ஸ் நிறுவனம் 1938இலேயே இலங்கையில் கால்பதித்துவிட்டது. ஓட்டமாவடி வணிகர்களின் கடைகளில் சவர்க்காரம் தாராளமாகக் கிடைத்தது. அது துணிக்கும் உடலுக்கும் போனது, கூந்தலுக்குப் போகவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எண்ணெய் பூசி, இரட்டைப் பின்னல் பின்னி, நாடா கட்டிக்கொண்டுதான் வகுப்புக்குப் போனார்கள்.

பிறகு 1978 நவம்பர் 23 வந்தது. அன்றிரவு அடித்த சூறாவளியில் தொள்ளாயிரம் பேருக்கு மேல் இறந்தனர். மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்த ஏறத்தாழ 31,000 ஏக்கர் தென்னையில் 28,000 ஏக்கர் அழிந்ததாகக் கணக்கிடப்பட்டது. நான் ஊருக்கு வந்து செய்தி எழுதினேன். வீடுகள், படகுகள், நெற்களஞ்சியங்கள், ஏக்கர்கள் என எல்லா எண்களையும் எழுதினேன். எங்கள் வளவில் நின்ற பதினேழு தென்னைகளில் இரண்டு மிஞ்சியிருந்தன. அம்மா அன்று சொன்னதை மட்டும் எழுதவில்லை: "கறிக்குப் பால் இல்லாவிட்டால் சமாளிக்கலாம் மகன். பிள்ளைகளின் தலைக்கு என்ன செய்வது?" அது செய்தியாக எனக்குத் தோன்றவில்லை.

உயர்ந்து வளரும் நாட்டுத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் வேண்டும். 1978இல் விழுந்த மரத்துக்குப் பதிலாக வைத்த கன்று 1985 அளவில் காய்த்திருக்கும். அதற்குள் போர் வந்துவிட்டது. 1990 ஜூனில் அது மீண்டும் மூண்டபோது பலர் வளவை விட்டே ஓடினார்கள். நட்ட கன்றுக்கு நீரூற்ற ஆளில்லை. கடையில் வாங்கும் எண்ணெய் தாளிப்பதற்கே போதவில்லை. வாரமுழுக்கு மாதமுழுக்காயிற்று, பின்னர் தீபாவளி முழுக்காயிற்று. அரப்பு இடிப்பதற்கு நேரமும் இல்லை, இடித்துத் தரும் கிழவிகளும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஒரு வழக்கம் அழிய அதை எவரும் தடைசெய்ய வேண்டியதில்லை. ஒரு தலைமுறை அதைச் செய்யாமல் விட்டாலே போதும்.

அந்த ஆண்டுகளில் பெண்ணின் கூந்தல் அடையாள அட்டையும் ஆயிற்று. கட்டை மயிரோடு ஓர் இளம்பெண் சோதனைச்சாவடியில் நின்றால் இயக்கமோ என்ற சந்தேகம் முதலில் எழும். என் உறவுப் பெண்ணொருத்திக்குக் கடும் காய்ச்சலுக்குப் பின் மயிர் கொட்டியபோது, வெட்டிவிடும்படி வைத்தியர் சொல்லியும் தாயார் வெட்டவிடவில்லை. மெல்லிய எலிவாலாகப் பின்னித் தொங்கவிட்டே பாடசாலைக்கு அனுப்பினார். அழகுக்காகப் பின்னிய பின்னலன்று அது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் மாவட்டத்தில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இறந்தார்கள். பெண்கள் கடலில் குளிக்கும் நேரத்தில் அலை வந்தது என்பதும், நீண்ட கூந்தல் மரக்கிளைகளிலும் வேலிகளிலும் சிக்கிக்கொண்டது என்பதும் பின்னர் வந்த அறிக்கைகளில் பதிவாயின. நலன்புரி முகாமில் நான் கண்ட ஒரு தாய், காப்பாற்றப்பட்ட தன் மகளின் தலையை முடிச்சு அவிழ்த்து அவிழ்த்து மூன்று நாள் வாரிக்கொண்டிருந்தார். மணல் உதிர்ந்துகொண்டே இருந்தது.

கிணறுகளும் கெட்டுப்போயின. மணலில் ஊறிய நன்னீரோடு கடல்நீர் கலந்துவிட்டது. இறைத்து இறைத்துப் பார்த்தும் உப்புப் போகவில்லை. மழை பெய்து பெய்துதான் அது மெல்ல இறங்கிற்று. உப்பும் கடினமும் மிகுந்த நீரில் சவர்க்காரம் நுரைக்காது. திரிந்து, வெள்ளைப் பிசுக்காக மயிரில் ஒட்டும். செயற்கைச் சலவைப் பொருளால் ஆன ஷாம்பு அந்த நீரிலும் ஓரளவு நுரைக்கும். நிவாரணப் பொதிகளில் அதுதான் சிறு பைக்கற்றுகளாக வந்தது. சிறு பைக்கற்றில் ஷாம்பு அடைக்கும் உத்தியைத் தமிழகத்தில் பரப்பியவர் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன். அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் தனியே தொழில் தொடங்கி அதைக் கிராமங்கள்தோறும் கொண்டுசென்றார். ஏழைக்கும் எட்டும் விலை என்பதே அதன் வெற்றி. எங்கள் ஊரில் விலையைவிட உப்புநீர்தான் அதற்குப் பாதை வகுத்தது. 2005இல் ஊருக்குப் போனபோது என் தங்கையின் குளியலறையில் அரப்புச் சட்டி இருந்த இடத்தில் பைக்கற்றுச் சரம் தொங்கிற்று. "கிணறு சரியானதும் பழையபடி முழுகலாம் அண்ணா" என்றாள். கிணறு சரியாயிற்று. பழையபடி முழுகவில்லை.

2007இல் கிழக்கிலும் 2009 மே மாதத்தில் வடக்கிலும் போர் முடிந்தது. புனர்வாழ்வு முகாம்களிலிருந்து திரும்பிய முன்னாள் பெண் போராளிகளைக் கட்டை மயிரைக் கொண்டே ஊர் இனங்கண்டது. அவர்களுள் ஒருத்தியைச் சந்தித்தேன், பெயர் வேண்டாம். ஒரு காலை இழந்தவள். அவளைப் பற்றி ஊடகங்கள் கேட்கும் வழக்கமான கேள்விகளையே நானும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, எழும்பும்போது அவள் என்னிடம் ஒன்று கேட்டாள்: "ஐயா, கொழும்பில் மயிர் கெதியாய் வளர ஏதும் எண்ணெய் விற்கிறதா?" பின்னல் இடுப்பைத் தொடும்வரை தன்னை எவரும் பெண் பார்க்க வரமாட்டார்கள், வேலையும் தரமாட்டார்கள் என்றாள். எந்த எண்ணெயும் மயிரை விரைவாக வளர்க்காது. அது மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும். இடுப்புவரை என்றால் ஐந்தாறு ஆண்டுகள். அந்தக் கணக்கை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் தேங்காயெண்ணெய் இருந்தால் பூசுங்கள் பிள்ளை என்று மட்டும் சொன்னேன்.

அது பொய்யாறுதலன்று. தேங்காயெண்ணெய் மயிருக்குள் ஊடுருவி, கழுவும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003இல் மும்பை ஆய்வாளர் இருவர் வெளியிட்ட ஆய்வு கூறியது. அவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வது பத்திரிகைக்காரனின் கடமை. வளர்ப்பதில்லை, இருப்பதைக் காக்கிறது. அம்மம்மா சொன்னதும் அவ்வளவுதான்.

இன்று பாசிக்குடாவில் விடுதிகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு காலத்தில் கரையில் ஒதுங்கிய பைக்கற்று உறைகளும் குறைந்திருக்கின்றன. 20 மில்லிலீற்றருக்கு உட்பட்ட அத்தகைய பைக்கற்றுகளுக்கு அரசாங்கம் 2021 மார்ச் 31 முதல் தடை விதித்தது. விடுதிகளில் வெளிநாட்டார் தலைக்கு எண்ணெய் வைத்துப் பிடித்துவிடுவதற்குப் பணம் கட்டுகிறார்கள். ஷாம்பு என்ற சொல்லே பிடித்துவிடுதலைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து போனது. பட்னாவில் பிறந்த சேக் தீன் மகமது பிறைற்றனில் குளியலகம் நடத்தி, ஆங்கில மன்னர்களுக்கே அந்தப் பணி செய்தார். நம்மிடமிருந்து கையாகப் போனது போத்தலாகத் திரும்பி வந்தது.

அந்தப் பெண்ணை அண்மையில் வாழைச்சேனைச் சந்தையில் கண்டேன். நரை ஓடத் தொடங்கிய கூந்தலை எண்ணெய் பூசிக் கொண்டையாக முடிந்திருந்தாள். சிறு கடை நடத்துகிறாள். என்னை அடையாளம் கண்டு சிரித்தாள். எப்படி வளர்ந்தது என்று நான் கேட்கவில்லை. கடையில் தொங்கிய போத்தல்களில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். சனிக்கிழமை என் பேத்தியைத் திண்ணையில் இருத்தி, கண்ணெரியும்வரை தேய்த்துவிட்டேன்.