அரியர் வந்த வழி

அந்தக் காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எப்.ஏ. தேர்வை ராமானுஜனாலேயே தாண்ட முடியவில்லை. கணக்கில் மேதை, மற்ற பாடங்கள் கவிழ்த்துவிட்டன.

பிற்பாடு, தோற்ற தாளை மட்டும் திரும்ப எழுதும் வசதி வந்தது. அதுதான் அரியர். 1997இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் பிறந்தபோது அந்தச் சொல்லும் கூடவே இருந்தது. தறிச் சத்தம் ஓயாத வெண்ணந்தூரிலிருந்து ராசிபுரத்துக்கும் சேலத்துக்கும் பஸ் ஏறும் பிள்ளைகளுக்கும் அது பழக்கமானது.

அரியர் எல்லாம் சோம்பலால் விழுவதில்லை. முதல் யூனிட்டுக்குக் கலர் பேனாவில் அச்சடித்ததுபோல் நோட்ஸ் எழுதி, மீதி நாலைத் தொடாமலே ஹாலுக்குப் போகிறவர்கள் உண்டு. "ஒண்ணுமே படிக்கல மச்சி" என்பது இன்னொரு ரகம். தோற்றாலும் மூளைக்குப் பழி வராது. இந்தத் தற்காப்பை அமெரிக்க உளவியலாளர்கள் பெர்க்லஸும் ஜோன்ஸும் 1978இல் சோதித்துக் காட்டினார்கள்.

2020 ஆகஸ்டில், கொரோனாவைக் காரணம் காட்டி, கட்டணம் கட்டியவர்களின் அரியரை ரத்து செய்வதாக அறிவித்தார் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி. மாணவர்கள் அவருக்குப் போஸ்டர் ஒட்டிக் கொண்டாடினார்கள். முன்னாள் துணைவேந்தர் பாலகுருசாமி வழக்குத் தொடர்ந்தார். தேர்வு வைக்காமல் தேர்ச்சி கொடுக்க முடியாதென்று 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.