ஜூஜுவாடியில் இரண்டு புத்தாண்டுகள்: மென்பொருளில் நாளும் நாட்காட்டியும்

ஜூஜுவாடி, கிருஷ்ணகிரி மாவட்டம் ஓசூர் மாநகராட்சியின் வட எல்லையில், தேசிய நெடுஞ்சாலை 44-இல் அமைந்துள்ள பகுதி ஆகும். தமிழ்நாடு இங்கே முடிகிறது. சாலையில் அடுத்து வரும் ஊர் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைகளால் வளர்ந்த இவ்வட்டாரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் வீடுகளில் பேசப்படுகின்றன. எனவே இரண்டு நாட்காட்டி மரபுகளும் ஒரே தெருவில் வாழ்கின்றன. தேதிகளைக் கையாளும் மென்பொருளை எழுதுவோர் சந்திக்கும் சிக்கல்கள் பலவற்றை இந்த ஓர் ஊரை வைத்தே விளக்கலாம்.

ஒரே நாள், இரண்டு ஆண்டுகள்

தெலுங்கு, கன்னட மரபில் ஆண்டு உகாதியன்று பிறக்கிறது. இது சந்திரனின் ஓட்டத்தையும் சூரியனின் ஓட்டத்தையும் இணைத்த கணக்கு. தமிழ் ஆண்டு, சூரியன் மேட ராசியில் நுழைவதைக் கொண்டு சித்திரை முதல் நாளில் பிறக்கிறது. இரு மரபும் 60 ஆண்டுப் பெயர்களை ஒரே வரிசையில் பயன்படுத்துகின்றன.

2025-இல் உகாதி மார்ச் 30 அன்று வந்தது; தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14 அன்று வந்தது. இடைப்பட்ட 15 நாட்களும் ஒரு வீட்டில் விசுவாவசு ஆண்டு, பக்கத்து வீட்டில் குரோதி ஆண்டு. இந்த இடைவெளி நிலையானதும் அன்று. 2024-இல் உகாதி ஏப்ரல் 9 அன்று வந்ததால் இடைவெளி 5 நாட்களே. 2023-இல் ஓர் அதிக மாதம் சேர்ந்ததால், அவ்வாண்டு உகாதிக்கும் அடுத்த உகாதிக்கும் இடையே 384 நாட்கள் இருந்தன. அதற்கடுத்த ஆண்டு 355 நாட்களில் முடிந்தது.

இதிலிருந்து மென்பொருளுக்குக் கிடைக்கும் முதல் பாடம்: பயனர் நிற்கும் இடத்தை வைத்து அவருடைய நாட்காட்டியை முடிவு செய்யக் கூடாது. மாநில எல்லை சாலையின் குறுக்கே செல்கிறது. நாட்காட்டியின் எல்லையோ வீட்டுக்கு வீடு செல்கிறது.

நாளெண் என்னும் பொது அளவு

இரண்டு நாட்காட்டிகளை நேரடியாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற முயன்றால் விதிகள் பெருகும். பத்து நாட்காட்டிகள் இருந்தால் ஒவ்வோர் இணைக்கும் ஒரு விதி வேண்டும். இந்திய வானியலர்கள் இதற்குக் கண்ட வழி, நாட்களை இடைவிடாது ஒரே எண்ணாக எண்ணுவது. கலியுகத் தொடக்கமாகக் கொள்ளப்படும் கி.மு. 3102 பிப்ரவரி 18 (யூலியன் நாட்காட்டி) முதல் எண்ணப்படும் இவ்வெண்ணை அகர்கணம் அல்லது கலி நாளெண் என்பர். எந்த நாட்காட்டித் தேதியையும் முதலில் நாளெண்ணாக மாற்ற வேண்டும். அதிலிருந்து வேண்டிய நாட்காட்டிக்குச் செல்ல வேண்டும்.

கணினியில் பரவலாக உள்ள யுனிக்ஸ் நேரமும் இதே கருத்தைக் கொண்டது. அதன் தொடக்கம் 1970 சனவரி 1. 2025 ஏப்ரல் 14-ஐ எடுத்துக்கொண்டால், 1970 முதல் கடந்த நாட்கள் 20,192. கலி நாளெண் 18,72,314. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எந்த நாளுக்கும் 18,52,122 மட்டுமே. கலி நாளெண்ணை 7-ஆல் வகுத்தால் மீதி கிழமையைத் தரும். தொடக்க நாள் வெள்ளி என்பதால் மீதி 0 வெள்ளி. 18,72,314-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3; எனவே திங்கட்கிழமை. அன்று திங்கள்தான்.

நாகும் டெர்சோவிட்சு, எட்வர்டு ரெயின்கோல்டு ஆகியோர் 1990-இல் ஒரு கட்டுரையாகத் தொடங்கி 1997-இல் நூலாக்கிய நாட்காட்டிக் கணக்கீட்டு முறையும் நாளெண்ணையே நடுவில் வைக்கிறது. இந்திய நாட்காட்டிகளும் அந்நூலில் இடம்பெற்றுள்ளன.

சோழியால் செய்த கணக்கு

தமிழ்நாட்டுப் பஞ்சாங்கக் கணிதர்கள் இம்முறையை எழுத்தில்லாமலே கையாண்டனர். வாக்கிய முறையில் சந்திரனின் நிலைகள் 248 நாட்களுக்கு 248 வாக்கியங்களாக மனப்பாடம் செய்யப்பட்டன. வாக்கியத்தின் எழுத்துகளே எண்களைக் குறிக்கும். நாளெண்ணைக் கண்டு, 248-ஆல் வகுத்து, மீதிக்குரிய வாக்கியத்தை எடுப்பது கணக்கின் ஒரு படி. இன்றைய சொல்லில், இது நினைவில் ஏற்றிய ஓர் அட்டவணையும் அதைத் தேடும் நிரலும் ஆகும்.

1825-இல் சென்னையில் வெளியான 'கால சங்கலித' என்னும் நூலில் ஜான் வாரன் இதைப் பதிவு செய்துள்ளார். புதுச்சேரியைச் சேர்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, அவ்வாண்டு மே 31 இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். வானியல் வரலாற்றாளர் ஆட்டோ நியூகெபவர் 1952-இல் இக்கணக்கை ஆராய்ந்தார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடமே; முடிவு நேரத்தில் 52 நிமிடம். தாளில்லாத கணக்குக்கு இது பெரிய துல்லியம்.

மாதப் பிறப்பு விதி

தமிழ் மாதங்கள் 29 முதல் 32 நாட்கள் வரை நீளும். சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலம் மாறுவதே காரணம். ராசியில் நுழையும் கணம் எல்லோருக்கும் ஒன்று; அதை எந்த நாளின் பெயரில் எழுதுவது என்பதில்தான் ஊருக்கு ஊர் விதி மாறுகிறது. தமிழ் மரபில், சூரியன் மறைவதற்கு முன் நுழைந்தால் அன்றே மாதப் பிறப்பு. பின் நுழைந்தால் மறுநாள். கேரளத்தில் எல்லை நண்பகலைச் சற்றுக் கடந்த வேளையிலேயே வந்துவிடும்.

2023 ஏப்ரல் 14 பிற்பகல் 3 மணியளவில் சூரியன் மேடத்தில் நுழைந்தது. தமிழ்நாட்டில் அன்றே புத்தாண்டு. கேரளத்தில் விசு ஏப்ரல் 15-இல் வந்தது. வானில் நடந்தது ஒன்றே, விதிகள் இரண்டு. புத்தாண்டை ஏப்ரல் 14 என்று நிரலில் நிலையாக எழுதுவதும் நெடுங்காலத்துக்குப் பொருந்தாது. தமிழ் ஆண்டு கிரெகொரியன் ஆண்டைவிடச் சற்று நீளமானதால், சுமார் 60 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் இத்தேதி முன்னோக்கி, பிந்திய தேதிக்கு நகர்கிறது.

சட்டம் மாற்றிய ஆண்டு

விதியை வானம் மட்டும் மாற்றுவதில்லை. தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு எனத் தமிழ்நாடு அரசு 2008-இல் சட்டம் இயற்றியது. 2011-இல் அது நீக்கப்பட்டு மீண்டும் சித்திரை முதல் நாள் ஏற்கப்பட்டது. அந்த மூன்றாண்டுகளுக்கான அரசுத் தேதிகளைக் காட்டும் மென்பொருள், விதியுடன் அது செல்லும் காலத்தையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

திருவள்ளுவர் ஆண்டுக்குக் கிறித்து ஆண்டுடன் 31 கூட்டுவர். அவ்வாண்டு தை முதல் நாளில் தொடங்குவதால், 2025 சனவரி 10-க்கு விடை 2056 அன்று, 2055. நிரலில் வெறும் கூட்டலை எழுதினால் ஆண்டுதோறும் சனவரியின் முதல் இரண்டு வாரங்கள் பிழையாகும்.

விடுமுறைகளும் இப்படியே. ஜூஜுவாடியில் உள்ள தொழிற்சாலைக்குத் தமிழ்நாட்டு விடுமுறைப் பட்டியல். அத்திப்பள்ளியில் உள்ளதற்குக் கர்நாடகப் பட்டியல், அதில் நவம்பர் 1 மாநில நாள். தொழிலாளியின் வீடு எங்கிருந்தாலும், வேலையிடமே அவரது சம்பள நாட்களை முடிவு செய்கிறது.

கடிகாரத்தின் வரலாறு

எல்லையின் இருபுறமும் கடிகாரம் மட்டும் ஒன்றே. ஆனால் அதுவும் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை. உலக நேர வலயத் தரவுத்தளத்தின் கொல்கத்தா பதிவு, 1906-க்கு முன் சென்னை நேரமாக 5 மணி 21 நிமிடம் 10 வினாடியைத் தருகிறது. 1906 சனவரி 1 முதல் 5 மணி 30 நிமிடம். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் 15 வரை, கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே வைக்கப்பட்டது. அக்காலத்தில் பிறந்தவருக்குச் சாதகம் கணிக்கும் மென்பொருள் இதைக் கழிக்காவிட்டால் லக்னமே மாறிவிடக்கூடும்.

இலங்கையில் 1996 மே மாதம் நேரம் 6 மணி 30 நிமிடமாகவும், அக்டோபரில் 6 மணியாகவும், 2006 ஏப்ரலில் மீண்டும் 5 மணி 30 நிமிடமாகவும் மாற்றப்பட்டது. இதனால் பழைய பதிவுகளுக்கு இன்றைய வேறுபாட்டைப் பயன்படுத்தக் கூடாது.

அன்றாடம் காணப்படும் பிழை இதைவிட எளியது. பிறந்த தேதியை நள்ளிரவு நேரத்துடன் சேர்த்து உலகப் பொது நேரத்தில் சேமித்தால், ஏப்ரல் 14 என்பது ஏப்ரல் 13 மாலை 6.30 ஆகிவிடும். வேறிடத்தில் படிக்கும்போது பிறந்த நாளே ஒரு நாள் குறையும். பிறந்த தேதி ஒரு கணம் அன்று; அதை நேரமில்லாத தேதியாகவே சேமிக்க வேண்டும்.

கால அளவு

நாளை எண்ணலாம், மாதத்தை அப்படி எண்ண முடியாது. 2025 சனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால், 2014-இல் வெளியான ஜாவா 8-இன் தேதி நூலகம் பிப்ரவரி 28 என்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் பழைய தேதி வகையில் மாத எண்ணை மட்டும் கூட்டினால் மார்ச் 3 கிடைக்கிறது. கடன் தவணையிலும் வாடகையிலும் இந்த மூன்று நாட்கள் பணமாகும். ஆகவே ஜாவா 8, நாட்காட்டி அளவையும் வினாடி அளவையும் இரண்டு தனி வகைகளாகப் பிரித்தது. ஒப்பந்தத்தில் '30 நாள்' என்றிருக்கிறதா, 'ஒரு மாதம்' என்றிருக்கிறதா என்பதைப் பார்த்தே வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நூலகங்களில் 'இந்திய' நாட்காட்டி

மேகநாத் சாகா தலைமையில் 1952-இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரைப்படி, 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டு தேசிய நாட்காட்டியாயிற்று. பல மென்பொருள் நூலகங்களில் 'இந்திய' என்ற பெயரில் கிடைப்பது இதுவே. அதைத் தேர்ந்தெடுத்தால் 2025 ஏப்ரல் 14-க்கு சைத்திரம் 24, 1947 என்று வரும். ஜூஜுவாடியில் அன்று சித்திரை முதல் நாளைக் கொண்டாடிய வீட்டுக்கும், உகாதி கொண்டாடி இரண்டு வாரம் ஆன வீட்டுக்கும் அது பயன்படாது. ஒருங்குறியின் பொதுத் தரவுக் களஞ்சியத்தில் தமிழ் மொழிக்கு இடம் உண்டு. தமிழ்ச் சூரிய நாட்காட்டிக்கு இல்லை. அதைச் சேர்க்க முனைவோருக்கு வேண்டிய நாளெண் கணக்கும் மாதப் பிறப்பு விதியும் நம் பஞ்சாங்கங்களில் ஏற்கெனவே உள்ளன.