ஆரூடமும் ஆட்டமும்

திருப்பூரில் ஜோசியர்களுக்குப் பஞ்சமே கிடையாது. கிளியும் சோழியும் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர்களைச் சொல்லவில்லை. பனியன் கம்பெனி நடத்துகிற ஒவ்வொருவரும் இங்கே ஜோசியர்தாம். அடுத்த கோடையில் ஐரோப்பியர்கள் எந்த நிறத்தை உடுத்துவார்கள் என்று மாதக்கணக்கில் முன்கூட்டியே முடிவு கட்டி, நூல் வாங்கி, நிட்டிங்குக்கும் சாயப் பட்டறைக்கும் அனுப்பியாக வேண்டும். "ஏனுங்க, இந்த சீசனுக்கு எந்தக் கலருங்க ஓடும்?" என்று ஒருவர் கேட்டால், மற்றவர் கண்ணை மூடி யோசித்துவிட்டுப் போன வருஷம் ஓடிய கலரைத்தான் சொல்வார்.

ஊருக்கே சொல்லப்பட்ட ஆரூடங்களும் உண்டு. 2005 ஜனவரி முதல் தேதி உலக ஜவுளி வாணிபத்தில் கோட்டா முறை ஒழிந்தபோது, சீனா நம்மை விழுங்கிவிடும் என்றார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னபோது, திருப்பூர் இத்தோடு முடிந்தது என்றார்கள். ஊர் இருக்கிறது. நொய்யல் எப்படி இருக்கிறது என்பதற்குத் தனிக் கட்டுரைதான் எழுத வேண்டும்.

இந்தப் பீடிகை எதற்கென்றால், ஜோசியம் இதேபோலப் பொய்த்துப் பொய்த்தும் பிழைத்து வருகிற இன்னோர் இடத்தைப் பற்றிச் சொல்லத்தான். பெண்கள் தொழிலாக ஆடும் கோல்ப் பந்தயங்களே அந்த இடம். திருப்பூருக்கும் கோல்புக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்கலாம். கோல்ப் ஆடுகிறவர்கள் அணியும் காலர் வைத்த டி-ஷர்ட் இங்கே தைக்கிற சரக்குகளில் ஒன்று. அந்த உறவு போதும். ஆண்டுதோறும் பருவம் தொடங்குமுன் பத்திரிகைக்காரர்கள் ஒரு ஜாபிதா போடுகிறார்கள். இன்னார் முதலிடம், இன்னாருக்கு இத்தனை வெற்றி என்று. பருவம் முடிந்த பிறகு அந்த ஜாபிதாவைத் தேடி எடுப்பவர்கள் குறைவு. எடுத்துப் பார்த்தால் வெகு சுவாரஸ்யமாக இருக்கிறது.

2023-இல் அமெரிக்கச் சுற்றில் லிலியா வூ நான்கு போட்டிகளை வென்றார். அவற்றில் இரண்டு மிகப் பெரிய போட்டிகள். நெல்லி கோர்டா அந்தச் சுற்றில் அவ்வாண்டு ஒன்றுகூட வெல்லவில்லை. புத்தாண்டு பிறக்கும்போது ஆரூடம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவா வேண்டும்? ஆனால் 2024 ஜனவரிக் கடைசியிலிருந்து ஏப்ரலுக்குள், தாம் ஆடிய ஐந்து போட்டிகளை நெல்லி வரிசையாக வென்றார். அவருக்கு முன் அதைச் செய்தவர்கள் இருவர்தாம்: 1978-இல் நான்சி லோபஸ், 2004-05-இல் அன்னிகா சோரன்ஸ்டாம். ஆண்டு முடிவதற்குள் நெல்லியின் கணக்கில் ஏழு வெற்றிகள். சரி, 2025 இவருடையதுதான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். அந்த 2025-இல் நெல்லிக்கு ஒரு வெற்றிகூட இல்லை.

வென்றவர்கள் யார்? அகியே, சிசாடோ என்ற ஜப்பானிய இரட்டைச் சகோதரிகள் இருவரும், சுற்றில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே ஆளுக்கொன்று வென்றார்கள். பிரிட்டனின் பெரிய போட்டியை, அதே போலப் புதிதாக வந்த மியூ யமாஷிதா கொண்டுபோனார். இங்கிலாந்துப் பெண் லாட்டி வோட் ஆண்டுத் தொடக்கத்தில் தொழில் ஆட்டக்காரியே அல்ல, கல்லூரி மாணவி. ஜூலையில் ஸ்காட்லாந்தில், தொழில்முறையில் தாம் ஆடிய முதல் போட்டியிலேயே வென்றார். எந்த ஜாபிதாக்காரர் இவருக்கு இடம் கொடுத்திருக்க முடியும்? ஆண்டின் சிறந்த ஆட்டக்காரி என்ற பட்டம் தாய்லாந்தின் ஜீனோ திட்டிகுலுக்குப் போயிற்று.

இதில் ஆச்சரியப்பட அதிகம் இல்லை. ஆட்டத்தின் கணக்கு அப்படி. நாளொன்றுக்கு 18 குழிகள். பெரும்பாலும் மூன்று, நான்கு நாட்கள் ஆட வேண்டும். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் களத்தில் இறங்குகிறார்கள். நான்கு நாளில் இருநூற்று எழுபது, எண்பது அடி அடித்து, கடைசியில் ஓர் அடியிலோ இரண்டடியிலோ வெற்றி தோல்வி. காற்று சற்றே திரும்பினால் போதும். 2025-இல் நெல்லியின் ஆட்டம் பெரிதாகச் சீர்கெட்டுவிட்டதென்று சொல்ல முடியாது. அமெரிக்கப் பெண்கள் ஓப்பன் போட்டியில் இரண்டே அடியில் இரண்டாமிடத்தில் நின்றார். ஜாபிதா போடுபவரோ இரண்டடியைப் பார்ப்பதில்லை. கோப்பையை மட்டும் எண்ணுகிறார்.

ஆரூடம் வெறும் பேச்சாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அதன் பின்னால் பணம் போகிறது, விளம்பரம் போகிறது, டெலிவிஷன் காமிரா போகிறது. பெயர் ஜாபிதாவில் இல்லாதவளுக்கு இவை வந்து சேரத் தாமதமாகிறது.

இதன் பழைய கதை ஒன்றைக் கேளுங்கள். அமெரிக்காவில் பெண்கள் தொழில்முறை கோல்ப் சங்கம் ஒன்று 1944-இல் தொடங்கி, சில ஆண்டுகளில் நொடித்துப் போயிற்று. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, 1950-இல் பிறந்த எல்.பி.ஜி.ஏ. சங்கத்துக்கு யார் நல்ல ஆயுள் கணித்திருப்பார்கள்? அதை நிறுவியவர்கள் 13 பேர். மார்லின் பாயர் என்ற சிறுமிக்குப் பதினாறு வயதுதான். மைதானத்தில் குழிகளுக்கு இடம் குறிப்பது, விதித் தகராறுகளைத் தீர்ப்பது, பத்திரிகைகளுக்குச் செய்தி எழுதுவது எல்லாம் அவர்களே. முதல் ஆண்டின் மொத்தப் பரிசு ஏறக்குறைய 50,000 டாலர். 2025-இல் அது 13 கோடி டாலரைத் தாண்டிற்று.

அவர்களில் ஒருவர் பேப் ஸகாரியாஸ். 1932 ஒலிம்பிக்கில் தடை ஓட்டத்திலும் ஈட்டி எறிதலிலும் தங்கம் வாங்கிய வீராங்கனை. 1953-இல் அவருக்குக் குடலில் புற்றுநோய்; பெரிய அறுவை சிகிச்சை. இனி பந்தய ஆட்டம் கிடையாது என்று வைத்தியர்களே கைவிரித்தார்கள். மறு ஆண்டு அமெரிக்கப் பெண்கள் ஓப்பன் போட்டியை அவர் வென்றது 12 அடி வித்தியாசத்தில். 1956-இல், 45-ஆவது வயதில், அதே நோய் அவரைக் கொண்டுபோயிற்று. வைத்தியர்கள் நோயைச் சரியாகத்தான் கணித்தார்கள். ஆட்டத்தைத்தான் கணிக்கவில்லை.

திருப்பூரிலும் பெண்களைப் பற்றி இப்படி ஓர் ஆரூடம் இருந்தது. பவர் டேபிளில் உட்கார்ந்து தைப்பது ஆண் டெய்லரின் வேலை. பெண்ணுக்குக் கைமடியும், பிசிறு வெட்டுவதும், செக்கிங்கும் போதும் என்று. மெஷினைக் கொடுக்காமலே, மெஷின் ஓட்டத் தெரியாதவள் என்று தீர்ப்பு! ஏற்றுமதி பெருகி ஆள் போதாமல் போனபோது பெண்கள் மெஷினில் உட்கார்ந்தார்கள். அந்தத் தீர்ப்பைச் சொன்னவர்கள் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசக் காணோம்.

நம் நாட்டுக்கு வருவோம். பெங்களூரில் 1998-இல் பிறந்த அதிதி அசோக், 18 வயதில் ரியோ ஒலிம்பிக்கில் ஆடினார். அதே 2016 நவம்பரில் இந்தியப் பெண்கள் ஓப்பனை வென்று, ஐரோப்பியச் சுற்றில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். 2021-இல் டோக்கியோவுக்குப் போனபோது உலக வரிசையில் அவருடைய இடம் 200. அங்கு ஆடியவர்கள் அறுபது பேர். கொரோனா வந்துபோனதில் அடியின் தூரம் குறைந்திருந்தது. பை சுமந்தவர் தாயார். பதக்கப் பட்டியலில் அவரை எழுதிவைத்தவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. மூன்றாம் நாள் முடிவில் அவர் தனியாக இரண்டாமிடத்தில் நின்றார். கோல்ப் என்றால் என்னவென்றே அறியாத வீடுகளிலும் ஆகஸ்டு 7 விடியற்காலையில் டெலிவிஷன் ஓடிற்று. முடிவு இதுதான்: நெல்லி கோர்டா 267, இனாமியும் லிடியா கோவும் 268, அதிதி 269. ஓர் அடியில் பதக்கம் போயிற்று.

அதன் பிறகு ஆரூடக்காரர்களுக்குத் தைரியம் பிறந்துவிட்டது. ஆசிய விளையாட்டில், 2023-இல் ஹாங்சௌவில், மூன்றாம் நாள் அதிதி 61 அடியில் முடித்து ஏழு அடி முன்னால் நின்றார். தங்கம் கைக்கு வந்துவிட்டதாகவே பேச்சு. மறுநாள், அக்டோபர் 1-ஆம் தேதி, 77 அடித்தார். தாய்லாந்தின் அர்பிசாயா யூபோல் இரண்டடியில் முந்திக்கொண்டார். ஆசிய விளையாட்டு கோல்பில் இந்தியப் பெண் ஒருவர் வாங்கிய முதல் பதக்கம் அந்த வெள்ளி. ஆனால் முந்தின நாளே தங்கம் கொடுத்துவிட்டவர்கள், அதைத் தங்கம் நழுவிய கதையாகவே சொன்னார்கள்.

டோக்கியோவில் இன்னொரு இந்தியப் பெண்ணும் ஆடினார், பலருக்கு நினைவிருக்காது. தீக்ஷா டாகர், பிறவியிலேயே காது கேளாதவர். தென்னாப்பிரிக்க ஆட்டக்காரி ஒருவர் கொரோனாவால் விலகியதால் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டுப் போனவர். காது கேளாதோர் ஒலிம்பிக்கில் 2017-இல் வெள்ளி, 2022-இல் தங்கம் வாங்கினார். 2019-இல் தென்னாப்பிரிக்க ஓப்பனை வென்றிருந்தார். 2023 ஜூனில் செக் நாட்டில் ஐரோப்பியச் சுற்றின் இன்னொரு போட்டியையும் வென்றார்.