பிரேக் இடைவெளி (விமானந்தாங்கிக் கப்பல்)

விமானந்தாங்கிக் கப்பலில் இறங்க அணியாக வரும் போர் விமானங்கள், ஒன்றன்பின் ஒன்றாக இடப்புறம் திரும்பிப் பிரியும்போது நடுவே விடும் நேரம். அமெரிக்கக் கடற்படையின் பகல்நேர முறையில், அணி ஏறத்தாழ 800 அடி உயரத்தில் கப்பலின் வலப்பக்கமாக, அது ஓடும் திசையிலேயே கடக்கிறது. முகப்பைத் தாண்டித் தலைமை விமானம் திரும்பி, வேகத்தைக் குறைத்து, 600 அடிக்கு இறங்கி எதிர்த்திசையில் பறந்து, மீண்டும் திரும்பித் தளத்துக்கு வரும்.

இரண்டாம் விமானம் 15 விநாடி தாமதித்துப் பிரிந்தால் இறங்குவதும் 15 விநாடிதான் பிந்தும் என்று தோன்றும். அப்படியல்ல. அதற்குள் வேகமாக முன்னே சென்ற தூரத்தை அது மெதுவான வேகத்தில் திரும்பக் கடந்தாக வேண்டும். முன்னே சென்ற வேகம் திரும்பும் வேகத்தைப்போல் இரு மடங்கு என்றால் 15உடன் 30 சேர்ந்து 45 விநாடியாகிவிடும். காற்றும் கப்பலின் ஓட்டமும் இதைச் சற்று மாற்றும். இடைவெளி சுருங்கினால், முன்னது, இறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் தடுப்புக் கம்பியிலிருந்து கொக்கியை விடுவித்து ஒதுங்குமுன் பின்னது வந்துவிடும். அது இறங்காமல் மறுசுற்றுப் போக வேண்டியதுதான். நீண்டாலோ, காற்றை எதிர்த்துக் கப்பல் நேராக ஓடும் நேரம் கூடும். போரில் அது எதிரிக்கு வசதி.

இந்தியாவில் பழைய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலில் 1961 மே 18 அன்று ஆர்.எச். தஹிலியானி முதல் ஜெட்டை இறக்கினார். கொச்சியில் கட்டிய புதிய விக்ராந்தில் கடற்படைத் தேஜஸ் போர் விமானம் 2023 பிப்ரவரி 6 அன்று இறங்கியது. தடுப்புக் கம்பியில் இறங்கும் பயிற்சிக்கான கரைத்தளம் கோவாவில் உள்ளது.